பேஸ்பால் கேம்ப்புக்குப் பிள்ளையை அனுப்பலாமா? எல்லைப் பக்கத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று தமிழ்நாடு-கேரள எல்லைச் செக்போஸ்ட்டை ஒட்டிய ஊர்ப் பிள்ளைகளுக்கு உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். பரீட்சை முடிகிற வாரத்தில் யாராவது ஒரு கேம்ப் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மாஸ்டர், இது எப்படிங்க?" என்பார்கள். பால் சொசைட்டியில் பார்த்தாலும் அதே கேள்வி, பஸ் ஸ்டாப்பில் பார்த்தாலும் அதே கேள்வி. திரும்பத் திரும்பச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

கேம்ப் கேம்ப்னு சொல்றாங்களே மாஸ்டர், அங்க போனா அப்படி என்னதான் சொல்லித் தருவாங்க?

முதலில் எந்த கேம்ப் என்று பாருங்கள். மாவட்ட அணியோ மாநில அணியோ போட்டிக்குப் போகும் முன் தேர்வான பிள்ளைகளைக் கூட்டி நடத்துவது ஒன்று. அதற்கு நாம் விண்ணப்பிப்பதில்லை, அவர்களே கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் யோசிக்காமல் அனுப்புங்கள். கோடை விடுமுறையில் பணம் கட்டிச் சேரும் பயிற்சி கேம்ப் இன்னொன்று. இந்தப் பக்கத்தில் பேசுவதெல்லாம் அந்த இரண்டாவதைப் பற்றி.

நல்ல கேம்ப்பில் காலையில் எறிவதும் பிடிப்பதும் அடிப்படையிலிருந்து நடக்கும். பிறகு பந்து எறியும் பிட்சர், அடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து அதைப் பிடிக்கும் கேட்சர், கிட்டத்தில் நிற்கும் இன்ஃபீல்டு, தூரத்தில் நிற்கும் அவுட்ஃபீல்டு என்று பிரித்துத் தனித்தனியாகச் சொல்லித் தருவார்கள். பேட்டிங்கை ஓடிவரும் பந்தில் தொடங்காமல், ஸ்டாண்டில் வைத்த பந்தை அடிக்கவிட்டுத் தொடங்குவார்கள். வெயில் ஏறியதும் உள்ளே உட்காரவைத்து விதிகள் சொல்லுவார்கள். மோசமான கேம்ப்பில் காலையிலிருந்து சாயங்காலம் வரை மேட்ச்தான். ஒன்பது பேர் ஆடுவார்கள், ஒன்பது பேர் எதிரே நிற்பார்கள், மீதி நாற்பது பேர் புளியமரத்தடியில் உட்கார்ந்து செல்போன் பார்ப்பார்கள். அதற்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை, நம் ஊர் மைதானமே போதும்.

ஏழாவதுதான் படிக்கிறானுங்க. இப்பவே அனுப்பலாமுங்களா?

காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பும் கேம்ப் என்றால் தாராளமாக அனுப்பலாம். தங்கிப் பழகும் கேம்ப்புக்கு இன்னும் ஓரிரண்டு வருடம் பொறுங்கள். நான் வயதைவிட வேறொன்றைப் பார்ப்பேன். தன் துணியைத் தானே அலசிப் போட்டுக்கொள்வானா, கை வலித்தால் கோச்சிடம் வாய் திறந்து சொல்வானா? இரண்டாவது ரொம்ப முக்கியம். நம் பிள்ளைகள் "வலிக்குது"ன்னு சொன்னால் டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு எறிவார்கள்.

குரல் உடைந்து, உயரம் திடீரென்று ஏறும் வயதில் முழங்கை, தோள்பட்டை எலும்பு முனைகளில் வளர்ச்சிக் குருத்து இன்னும் மூடியிருக்காது. தசைநாரைவிட அந்த இடம்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். அதனால் பன்னிரண்டு வயதுக்காரனையும் பதினாறு வயதுக்காரனையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒரே கணக்கில் எறியவைக்கும் கேம்ப் வேண்டாம். பள்ளிப் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிப்பது வழக்கம். கேம்ப்பிலும் அப்படிப் பிரிக்கிறார்களா என்று கேளுங்கள்.

எம் பையன் கிரிக்கெட்ல பவுண்டரியிலிருந்து நேரா ஸ்டம்ப்புக்கு எறிவான். அவனுக்கு எதுக்குங்க கேம்ப்பு?

அந்தக் கை நல்ல முதல். ஆனாலும் பேஸ்பாலுக்கு வந்தால் சில பழக்கங்களை விட வேண்டியிருக்கும். பேஸ்பால் பந்து 142 முதல் 149 கிராம் வரை இருக்கும், கிரிக்கெட் பந்தைவிடச் சற்று எடை குறைவு. பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து, பேட்டோடு அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட் 18.44 மீட்டர். எடையும் தூரமும் பயமுறுத்தாது, எண்ணிக்கைதான் பயமுறுத்தும். கிரிக்கெட் ஃபீல்டர் ஒரு மேட்ச்சில் முழு பலத்தோடு எறிவது சில முறைதான். பிட்சர் ஓட்டமும் இல்லாமல் நின்ற இடத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எறிந்துகொண்டே இருப்பான்.

பிடிப்பதிலும் வித்தியாசம் உண்டு. வலதுகைக்காரன் க்ளவுஸை இடது கையில் மாட்ட வேண்டும். இரண்டு கையையும் குவித்துப் பிடித்தே பழகியவன் முதல் சில நாள் திண்டாடுவான். நேர்பேட் போட்டு டிரைவ் ஆடுகிறவனுக்கு உருண்டை பேட்டில் இடுப்பைச் சுழற்றி அடிக்கப் பழகுவது அதைவிடக் கஷ்டம். இதையெல்லாம் சரிசெய்யத்தான் ஒரு வாரம் ஒழுங்காகச் சொல்லித்தர ஆள் வேண்டும்.

பணம் கட்டறதுக்கு முன்னாடி நாங்க என்னென்ன கேக்கணும்? கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்களா?

கோபித்துக்கொள்கிற இடத்துக்கு அனுப்பாதீர்கள், அதோடு அந்தக் கேள்வி முடிந்தது.

எத்தனை பிள்ளைகள், எத்தனை கோச் என்று முதலில் கேளுங்கள். நோட்டீஸில் போட்டோ போட்டிருக்கும் பெரிய கோச் எல்லா நாளும் இருப்பாரா, திறப்பு விழாவுக்கு மட்டும் வந்து போவாரா என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் சொல்லித் தரப்போவது அவருடைய சீனியர் பிள்ளைகள்தான். அதில் தப்பில்லை, ஆனால் தெரிந்து கட்ட வேண்டும். கேட்சருக்கு முகமூடி, மார்க்கவசம், கால்கவசம், பேட்டிங் பிடிக்கிற எல்லாருக்கும் ஹெல்மெட் இருக்கிறதா? ஒரே ஹெல்மெட்டை வரிசையாக மாற்றிப் போடுவது நம் பக்கத்தில் சகஜம். தலை வியர்வை ஒருபக்கம் இருக்கட்டும், அளவு சேராத ஹெல்மெட் அடியைத் தாங்காது.

இதையெல்லாம்விட நான் பெரிதாக நினைக்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஒரு பையன் ஒரு நாளைக்கு எத்தனை பந்து எறிகிறான் என்று யார் எழுதி வைப்பார்கள்?" நல்ல கோச்சின் கையில் எண்ணிக்கை அமுக்கும் கிளிக்கரோ சட்டைப்பையில் மடித்த நோட்டோ இருக்கும். "அதெல்லாம் பசங்களுக்கே தெரியும்" என்று பதில் வந்தால், மைதானம் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

அப்ப ஒரு நாளைக்கு எத்தன பந்துதாங்க எறியலாம்?

அமெரிக்காவில் மேஜர் லீக் என்னும் பெரிய தொழில்முறை பேஸ்பால் அமைப்பும் அந்த நாட்டு பேஸ்பால் சங்கமும் சேர்ந்து 2014இல் ஒரு கணக்கு வெளியிட்டன. நிறைய கோச்சுகள் பார்ப்பது அதைத்தான். மேட்ச்சில் பிட்சிங் செய்ய ஒரு நாளைய உச்சவரம்பு 11-12 வயதுக்கு 85 பந்து, 13 முதல் 16 வயது வரை 95, 17-18 வயதுக்கு 105. இது உச்சவரம்பு. தினமும் இவ்வளவு எறியலாம் என்று படிக்கக் கூடாது. 15-16 வயதுக்காரன் 30 பந்துக்குள் நிறுத்தினால் மறுநாளே எறியலாம். 31 முதல் 45 வரை போனால் ஒரு நாள் ஓய்வு, 60 வரை இரண்டு நாள், 75 வரை மூன்று நாள், 76ஐத் தொட்டால் நான்கு நாள். பதினான்கும் அதற்குக் கீழும் என்றால் இன்னும் இறுக்கம்: 20 பந்தைத் தாண்டினாலே ஒரு நாள் ஓய்வு, 66ஐத் தொட்டால் நான்கு நாள்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஏழு நாள் கேம்ப்பை யோசித்துப் பாருங்கள். தினமும் காலையும் மாலையும் எறியவிட்டால் எந்தக் கணக்கிலும் அடங்காது. கேம்ப்பில் பிட்சருக்குச் சில நாள் கை ஓய்வு கொடுத்து, அந்த நேரத்தில் கால் வேலை, பேஸ் (ஓடித் தொட வேண்டிய இடம்) ஓட்டம், ஃபீல்டிங் நிலை என்று சொல்லித் தர வேண்டும். ஒரே பையனைப் பிட்சராகவும் கேட்சராகவும் மாற்றி மாற்றிப் போடுவதும் கூடாது. கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறான் என்பதை நிறைய பேர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

எண்ணிக்கை தெரியாவிட்டால் முழங்கையைப் பாருங்கள். கை களைக்காத பையனின் முழங்கை, பந்தை விடும் நேரத்தில் தோளுக்கு நேராக இருக்கும். களைக்கத் தொடங்கியதும் அது மெல்லக் கீழே இறங்கும், பந்து கேட்சரின் தலைக்கு மேலே போகும். ஒவ்வொரு எறிக்கும் இடையில் மணிக்கட்டை உதறிக்கொள்வான், தொப்பியைக் கழற்றி மாட்டுவான், மண்ணைக் காலால் சமன்செய்வான், நேரத்தைக் கடத்துவான். அந்தத் தொப்பி விளையாட்டைக் கண்டுபிடிக்கிற கோச்தான் உங்கள் பையனுக்கு வேண்டும்.

முழங்கை வலிக்குதுங்கறான். முறிவெண்ணெய் போட்டு நீவிவிட்டா சரியாப் போயிருமுங்களே?

தசைப்பிடிப்புக்கு முறிவெண்ணெய் சுகமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் முழங்கையின் உள்பக்க எலும்பில் விரல் வைத்தால் வலிக்கிறது, எறியும்போது அங்கேயே குத்துகிறது, கையை முழுசாக நீட்ட முடியவில்லை என்றால் அது மேலே சொன்ன வளர்ச்சிக் குருத்தாக இருக்கலாம். அங்கே போட்டு அழுத்தி நீவக் கூடாது. எறிவதை உடனே நிறுத்தி எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு கையையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் ஓய்விலேயே சரியாகும்.

2006இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ஆபரேஷன் வரை போன 95 இளம் பிட்சர்களைக் காயமில்லாத 45 பேரோடு ஒப்பிட்டது. கை களைத்த பிறகும் வழக்கமாக எறிந்தவர்களுக்கு ஆபத்து 36 மடங்கு. வருடத்தில் எட்டு மாதத்துக்கு மேல் போட்டிகளில் பிட்சிங் செய்தவர்களுக்கு 5 மடங்கு. இந்த வலியோடு கேம்ப் வந்தால் பணம் போனாலும் பரவாயில்லை, அனுப்பாதீர்கள்.

கேம்ப்ல கர்வ் பால் சொல்லித் தர்றாங்களாம். நோட்டீஸ்லயே போட்டிருக்குது!

நேர்ப் பந்தும் வேகம் குறைத்த சேஞ்ச் அப்பும் நினைத்த இடத்தில் விழுந்த பிறகுதான் வளைந்து இறங்கும் கர்வ் பால். அதற்குக் கீழே இருக்கும் பையனுக்கு அதைச் சொல்லித் தருவதாக நோட்டீஸ் அடிப்பவர் வியாபாரம் பார்க்கிறார்.

ஏப்ரல் மாசம் பாலக்காட்டு வெயில்ல விட்டா பையன் சுருண்டுருவானே?

சுருண்டுதான் போவான், நேரம் பார்த்து நடத்தாவிட்டால். கணவாய்ப் பக்கம் மார்ச், ஏப்ரலில் 40 டிகிரி வரை போவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் மைதானத்தை விட்டு ஏற வேண்டும், மறுபடி நாலு மணிக்கு மேல்தான் இறங்க வேண்டும். பத்து மணிக்குக் காலைப் பயிற்சி என்று அட்டவணை போட்டிருந்தால் அதைப் போட்டவர் இந்த ஊர் வெயிலைக் கண்டதில்லை. தண்ணீரோடு உப்புப் போட்ட சம்பாரமோ (மோர்) ஓ.ஆர்.எஸ்ஸோ கொடுக்கிறார்களா என்று பாருங்கள். வியர்த்தாலும் வியர்க்காவிட்டாலும், பையன் பேச்சுக் குழறினால் தாமதிக்காமல் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இந்த மாதங்களில் சாயங்காலம் இடி மழை சொல்லாமல் வரும். திறந்த மைதானத்தில் கையில் அலுமினிய பேட்டோடு நிற்க வேண்டாம். இடி கேட்டதும் பயிற்சியை நிறுத்துகிறார்களா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

பேட்டு, க்ளவுஸு, ஸ்பைக் ஷூ எல்லாம் வாங்கிக் குடுத்து அனுப்பணுமா?

பேட் வேண்டாம், அங்கே இருக்கும். முதல் தடவைக்கு ஸ்பைக்கும் வேண்டாம், பிடிப்புள்ள சாதாரண ஷூ போதும். பணம் செலவழிப்பதாக இருந்தால் க்ளவுஸில் செலவழியுங்கள். கை வளரும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்காதீர்கள், பந்து உள்ளே நிற்காது. புது க்ளவுஸ் விறைப்பாக இருக்கும், ஒரு வாரம் முன்பே வாங்கிப் பந்தை உள்ளே வைத்துக் கட்டி, பிடித்துப் பழகி அனுப்புங்கள். பையன்களுக்கு இடுப்புக்குக் கீழே அடிபடாமல் உள்ளே போடும் கார்டு (கவசம்) கட்டாயம், அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

பொம்பளப் பிள்ளைய அனுப்பலாமுங்களா? அவங்க அப்பா ரொம்ப யோசிக்கிறாரு.

அனுப்பலாம். நம் பக்கப் பெண் பிள்ளைகள் பலர் முதலில் சாஃப்ட்பாலில்தான் தொடங்குகிறார்கள். அதில் பிட்சிங் கீழ்க்கையாக, தூரம் 13.11 மீட்டர், பேஸ்களுக்கு இடையே 18.29 மீட்டர். பந்தும் பெரிது. கேம்ப் பேஸ்பாலுக்கா சாஃப்ட்பாலுக்கா என்று தெளிவாகக் கேளுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிற நோட்டீஸ்கள் நிறைய.

அப்பா யோசிப்பதில் நியாயம் உண்டு. பெண் கோச் அல்லது பெண் வார்டன் இரவும் அங்கேயே தங்குகிறாரா, மைதானத்துக்குப் பக்கத்தில் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இருக்கிறதா, பிள்ளை வீட்டுக்குத் தினமும் போன் பேச முடியுமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால், முதல் நாள் நீங்களே கூட்டிப்போய் நேரில் பார்த்துவிட்டு விட்டுவிட்டு வாருங்கள்.

பத்தாவது போற வருசங்க. கேம்ப்பா, டியூசனா?

பத்து நாள் கேம்ப்பால் எஸ்.எஸ்.எல்.சி போய்விடாது. கேம்ப் முடிந்து வந்தும் தினம் மூன்று மணி நேரம் மைதானம் என்றால்தான் போகும். விடுமுறையின் தொடக்கத்தில் நடக்கும் கேம்ப்பாகப் பாருங்கள், ஜூன் ஒன்றாம் தேதிக்குள் படிப்புக்குத் திரும்ப நாள் கிடைக்கும்.

கேம்ப் சர்டிபிகேட் இருந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட்டும் வேலையும் கெடைக்குமுன்னு சொல்றாங்களே?

கிடைக்காது. இதைத் தடித்த எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். கேம்ப்பில் கலந்துகொண்ட சான்றிதழுக்குக் கோட்டாவில் மதிப்பில்லை. மத்திய அரசு வேலை விதியில் கேட்பது, நாட்டுக்காகவோ மாநிலத்துக்காகவோ ஆடியது, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி, தேசியப் பள்ளி விளையாட்டில் மாநில அணிக்கு ஆடியது போன்றவை. அதற்கும் தனித்தனிப் படிவம் உண்டு, கையெழுத்துப் போடுபவரும் வேறு. எந்தெந்த விளையாட்டுக்குக் கோட்டா என்ற பட்டியலில் சாஃப்ட்பால் முன்பிருந்தே இருந்தது. 2020இல் 43 விளையாட்டுகளை 63 ஆக்கியபோதுதான் பேஸ்பால் சேர்ந்தது. பழைய பட்டியலைப் பார்த்துவிட்டு "பேஸ்பாலுக்குக் கோட்டாவே இல்லை" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதையும் நம்ப வேண்டாம்.

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் உண்டு. கேரளத்தில் கிரேஸ் மார்க் உண்டு, ஆனால் விதி மாறிக்கொண்டே இருக்கும், அந்தந்த வருட உத்தரவைப் பாருங்கள். எதுவானாலும் கணக்கில் வருவது போட்டி. கேம்ப் அந்தப் போட்டிக்குத் தயார்செய்யலாம், அவ்வளவுதான்.

நாங்க குடியிருக்கறது தமிழ்நாட்டுப் பக்கம், பையன் படிக்கிறது கேரளா ஸ்கூல்ல. அவன் எந்த ஸ்டேட்டுக்கு ஆடுவான்?

எல்லையில் இருப்பவர்களுக்கு மட்டும் வரும் தலைவலி இது. பள்ளி விளையாட்டுகளில் பள்ளி எங்கே இருக்கிறதோ அந்த மாநிலம். கொழிஞ்சாம்பாறைப் பள்ளியில் படித்தால் சித்தூர் சப் ஜில்லா, பாலக்காடு மாவட்டம், பிறகு கேரளம். பொள்ளாச்சிப் பள்ளியில் படித்தால் கோவை மாவட்டம் வழியாகத் தமிழ்நாடு. சங்கம் நடத்தும் போட்டிகளில் பெயர் பதிவு அந்தந்த மாநிலச் சங்கத்தில். அந்தக் கேம்ப்பில் ஒன்று, இந்தக் கேம்ப்பில் ஒன்று என்று இரண்டு பக்கமும் பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பயிற்சிக்கு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம், பதிவு ஒரு பக்கம்தான்.

பின்னால் கல்லூரிக்கும் இது வரும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு நேட்டிவிட்டி சர்டிபிகேட் (சொந்த மாநிலச் சான்று) கேட்பதில்லை. கேரளத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதைக் காட்ட வேண்டும். ரேஷன் கார்டை அக்கரைக்கும் இக்கரைக்கும் மாற்றிக்கொண்டே இருக்கும் குடும்பங்கள் இதை முன்கூட்டியே யோசியுங்கள்.

அவங்க மாமா நியூஜெர்சியில இருக்காரு. அங்க ஒரு கேம்ப்புல சேத்தா காலேஜ் ஸ்காலர்ஷிப்பே கெடைக்குமாம்?

அங்கே ஷோகேஸ் என்று ஒரு வகை உண்டு. அதில் சொல்லித் தருவது குறைவு, காட்டுவதுதான் அதிகம். 60 கஜ ஓட்டம், ராடார் துப்பாக்கியில் எறிவேகம், பேட்டிங் என்று அளந்து கல்லூரி கோச்சுகளுக்குக் காட்டுவார்கள். அங்கே சின்ன வயதிலிருந்து ஆடி வளர்ந்த பிள்ளைகளுக்கானது அது. 2024-25 வரை அங்கே முதல்நிலைக் கல்லூரி அணி ஒன்றுக்கு மொத்தமே 11.7 உதவித்தொகைதான், அதைத் துண்டு துண்டாக்கிப் பல பேர் பகிர்ந்தார்கள். இப்போது விதி மாறியிருக்கிறது, என்றாலும் முழுத் தொகையும் கையில் விழும் என்று கணக்குப் போட வேண்டாம். மாமா வீட்டுக்கு விடுமுறைக்குப் போகிறான், அங்கே அடிப்படை சொல்லித்தரும் கேம்ப் இருக்கிறது என்றால் சேருங்கள், நல்லதுதான்.

2008இல் ஈட்டி எறிந்துகொண்டிருந்த உத்தரப்பிரதேசத்து இளைஞர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் ஒரு போட்டி மூலம் மேஜர் லீக் அணியான பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அமைப்பில் ஒப்பந்தம் ஆனார்கள். அதைச் சொல்லித்தான் இங்கே பாதி நோட்டீஸ் அடிக்கிறார்கள். இருவருமே மேஜர் லீக் வரை போகவில்லை என்பதை அதே நோட்டீஸில் போடமாட்டார்கள். '2028 ஒலிம்பிக் கனவு' என்று போடுவதும் அப்படித்தான். லாஸ் ஏஞ்சலஸில் பேஸ்பால் திரும்ப வருவது உண்மை, ஆனால் ஆடப்போவது ஆறே அணிகள்.

ஸ்கூல் கோச் 'போகாதே'ங்கறாரு. கேம்ப்காரங்க 'வா'ங்கறாங்க. யாரு பேச்சக் கேக்கறது?

ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேளுங்கள். "இந்த வருசம் முழுக்க ஆடியிருக்கான், கைக்கு ஓய்வு வேணும்" என்றால் அவர் சொல்வதுதான் சரி. பிட்சருக்கு வருடத்தில் நான்கு மாதமாவது பிட்சிங் இல்லாத காலம் வேண்டும், அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாகக் கையை மேலே தூக்கி எறிவதே கூடாது என்பது மேலே சொன்ன அமெரிக்கக் கணக்கிலேயே இருக்கிறது. "அங்க போனா என் பேச்சக் கேக்கமாட்டான்" என்றால் அது கோச்சுக்கும் கோச்சுக்கும் உள்ள தகராறு, உங்கள் பையன் நடுவில் நிற்க வேண்டியதில்லை.

போவதாக முடிவானால் பள்ளி கோச்சிடம் சொல்லிவிட்டே போகச் சொல்லுங்கள். கேம்ப்பில் எறியும் முறையை மாற்றியிருந்தால் திரும்பி வந்து அதைத் தொடர்ந்து பார்க்க வேண்டியவர் அவர்தான். ஒரு வாரத்தில் மாற்றிய கை, பார்க்க ஆளில்லாவிட்டால் ஜூலைக்குள் பழைய இடத்துக்கே வந்துவிடும். ஊரில் தொடர்ந்து பார்க்க ஆளே இல்லை என்றால், என் யோசனை, ஒரு பெரிய கேம்ப்புக்குக் கட்டும் பணத்தில் வாரம் ஒரு நாள் பாலக்காட்டுக்கோ கோவைக்கோ ஒரே கோச்சிடம் அனுப்புங்கள்.

எல்லாம் சரிங்க மாஸ்டர், ஆனா அவனுக்கே போக இஷ்டமில்லைங்கறான். கட்டாயப்படுத்தி அனுப்பலாமா?

எதனால் என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், அப்பா முன்னால் கேட்காதீர்கள். சாப்பாடு பிடிக்காது, கூட வர நண்பன் இல்லை என்றால் அது சரிசெய்யக்கூடியது. அதே பள்ளியிலிருந்து இன்னொருவனையும் சேர்த்தாலே பாதி தீரும். போன வருடக் கேம்ப்பில் யாரோ அடித்தார்கள், ராகிங் செய்தார்கள் என்றால் உடனே விட்டுவிடுங்கள், அந்தக் கேம்ப்பைப் பற்றி மற்ற பெற்றோருக்கும் சொல்லுங்கள். கை வலியை மறைப்பதற்காக இஷ்டமில்லை என்பவர்களும் உண்டு, முழங்கையைத் தொட்டுப் பாருங்கள்.

இதில் எதுவும் இல்லை, ஃபுட்பாலுக்குப் போகிறேன் என்கிறானா? போகட்டும். சில மாதம் வேறு விளையாட்டு ஆடினால் எறிகிற கைக்கும் ஓய்வு. அட்வான்ஸ் கட்டியிருந்தால் கேம்ப்காரர்களிடம் இப்போதே போன் பேசுங்கள், தொடங்குவதற்கு முன் கேட்டால் பெரும்பாலும் ஒரு பகுதியாவது திருப்பித் தருவார்கள்.